துபாயில் வாடகை வீடு எடுக்கும் முன் தீப் பாதுகாப்பைச் சரிபார்ப்பது எப்படி

துபாய்க்குப் புதிதாக வந்து, முதல் தடவை சொந்தப் பெயரில் ஃபிளாட் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து குடும்பத்தைக் கூட்டி வருகிறவர்கள், கம்பெனி ரூமை விட்டு வெளியே வருகிறவர்கள், நண்பர்கள் சேர்ந்து வீடு பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

நான் எடுத்த ஃபிளாட்டின் ஹாலில் புகை அலாரம் இல்லை. முன்பு இருந்தவர்கள் ஹாலைப் பலகை வைத்துத் தடுத்திருந்தார்கள். பலகையைப் பிரித்த ஆட்கள் அலாரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கூரையில் இரண்டு ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி வாங்கும்போதே சொன்னேன், ஒரு வாரத்தில் மாட்டிவிடுவோம் என்றார் ஏஜென்ட். அப்புறம் ஓனர் மெயின்டனன்ஸ் கம்பெனியைக் கைகாட்ட, அவர்கள் ஓனரைக் கைகாட்ட, கடைசியில் அது மாட்டப்படுவதற்குள் கோடைக்காலமே முடிந்துவிட்டது. வாடகை செக் கைமாறுவதற்கு முன்னால் நீங்கள் சொல்லும் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு, கைமாறிய பிறகு இருப்பதில்லை. கீழே உள்ள எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

2023 ஏப்ரல் 15 அன்று தேரா, அல் ராஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடம் எரிந்து 16 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள். கட்டடத்தில் பாதுகாப்பு விதிகள் சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று சிவில் டிஃபென்ஸ் (தீயணைப்புத் துறை) அப்போதே சொன்னது. விதி நன்றாகவே இருக்கிறது. நீங்கள் குடிபோகும் கட்டடத்தில் அது நடைமுறையில் இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. பார்ட்டிஷன் வேண்டவே வேண்டாம்

முதல் ஆறு மாதம் சமாளிக்கலாம் என்று பலரும் பார்ட்டிஷனில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு ஹாலை பிளைவுட்டாலோ ஜிப்சம் பலகையாலோ மூன்று நாலாகத் தடுத்து, ஒவ்வொரு தடுப்புக்கும் தனி வாடகை. வாடகை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடுப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டடம் கட்டியபோது முழு ஹாலுக்கும் சேர்த்து வைத்த புகை அலாரம் ஏதோ ஒரு தடுப்பில் மாட்டிக்கொள்கிறது. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் இருந்தால் அதன் தண்ணீர் பலகைக்கு அந்தப் பக்கம் போகாது. ஜன்னல் ஒருவருக்கு, மற்றவர்களுக்கு இல்லை. ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டு நாலு பேரும் கரண்ட் எடுக்கிறார்கள். வெளியே போகும் வழியும் அடுத்தவர் கட்டில்களுக்கு நடுவே ஒரு முழ அகலச் சந்து.

இது சட்டப்படியும் செல்லாது. 2025 ஜூனில் துபாய் முனிசிபாலிட்டி, சிவில் டிஃபென்ஸ், நிலத்துறை மூன்றும் சேர்ந்து ரிக்கா, முரக்கபாத், சத்வா, பர்ஷா, ரஃபா பகுதிகளில் அனுமதியில்லாத பார்ட்டிஷன்களைப் பிரிக்கச் சொல்லி நடவடிக்கை எடுத்தார்கள். அப்படிப் பிரிக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பது நீங்கள்தான், கொடுத்த அட்வான்ஸைக் கேட்க உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

பகிர்ந்துதான் இருக்க வேண்டும் என்றால் சுவர் உள்ள முழு அறையாக எடுங்கள். சொந்தக் கதவும் வெளியே திறக்கும் ஜன்னலும் இருக்கட்டும். உள்வாடகைக்கு விட ஓனரின் எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம், அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் உங்களையும் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் உடன் வசிப்பவராகச் சேர்க்க வேண்டும். எமிரேட்ஸ் ஐடியும் பிறந்த தேதியும் கொடுத்தால் போதும், 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. "பேர் எல்லாம் போட முடியாது" என்று சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

2. வீடு பார்க்கப் போனால் லிஃப்டில் ஏறி, படியில் இறங்குங்கள்

ஏஜென்ட் உங்களை லிஃப்டில் ஏற்றி, ஃபிளாட்டைக் காட்டி, பால்கனியில் நிறுத்தி, மறுபடி லிஃப்டில் இறக்கிவிடுவார். நீங்கள் மட்டும் திரும்பும்போது படியில் இறங்குங்கள். பதினைந்தாவது மாடியாக இருந்தாலும் ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். தீ என்றால் அதுதான் உங்கள் ஒரே வழி. அந்த வழியை முதன்முதலாகப் புகைக்குள் பார்க்கக் கூடாது.

ஃபிளாட் கதவிலிருந்து படிக்கட்டுக் கதவு வரை எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். படிக்கட்டுக் கதவைத் திறந்து கையை விடுங்கள்: தானாக மூடி, நாதாங்கி "டக்" என்று விழ வேண்டும். சும்மா சாய்ந்து நின்றால் அந்தக் கதவு புகையைத் தடுக்காது. பல பழைய கட்டடங்களில் காற்று வரட்டும் என்று கதவுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகி வைத்திருப்பார்கள். அந்த ஒரு அட்டைத் துண்டால் கீழ் மாடிப் புகை மொத்தமும் படிக்கட்டுக்குள் ஏறிவிடும். உள்ளே விளக்கு எரிகிறதா, திருப்பத்தில் பழைய கட்டில், குழந்தை சைக்கிள், தண்ணீர் கேன் என்று அடுக்கியிருக்கிறார்களா, தரைத்தளத்தில் வெளியே போகும் கதவு உள்ளிருந்து தள்ளினால் சாவி இல்லாமல் திறக்கிறதா என்றெல்லாம் பாருங்கள். பூட்டுப் போட்டிருந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

வராந்தாவில் தீயணைப்பான் சிலிண்டரில் தொங்கும் அட்டையில் கடைசியாகச் சோதித்த தேதி இருக்கும், அது ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். மேலே வட்ட மீட்டர் இருந்தால் முள் பச்சையில் நிற்க வேண்டும். கீழே வாட்ச்மேன் மேஜைப் பக்கம் சுவரில் தீ அலாரப் பெட்டி இருக்கும். அதில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தால் நல்லது, மஞ்சள் விளக்கு எரிந்தால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் மஞ்சள் விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டியிருந்தார்கள், டேப்பின் ஓரத்தில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தது.

ஏஜென்ட் போன பிறகு வாட்ச்மேனிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லாததை அவர் சொல்வார். கடைசியாக அலாரம் எப்போது அடித்தது, அடித்தால் ஜனங்கள் இறங்குகிறார்களா, சோதனைக்குக் கம்பெனி ஆட்கள் எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார்கள் என்று கேளுங்கள். வெளிச்சுவரில் அலுமினியத் தகடு போர்த்திய உயரக் கட்டடமாக இருந்தால், அந்தத் தகடு மாற்றப்பட்டிருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பழைய வகைத் தகட்டின் நடுவே பிளாஸ்டிக் இருக்கும். மரினாவில் டார்ச் டவர் 2015-இலும் 2017-இலும் இரண்டு முறை எரிந்தபோது தீ வெளிச்சுவர் வழியாகவே பரவியது. விதி இப்போது கடுமையாகிவிட்டது. ஆனால் அதற்கு முன் கட்டிய கட்டடங்கள் இன்னும் நிறைய நிற்கின்றன.

3. ஃபிளாட்டுக்குள் பார்க்க வேண்டியவை

புகை அலாரத்தில் சின்ன விளக்கு விட்டுவிட்டு மின்ன வேண்டும். தாளிக்கும்போது கத்துகிறது என்று அதன் மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டி ரப்பர் பேண்டு போடுவது இங்கே ரொம்பச் சாதாரணம். பெயின்ட் அடித்தபோது மூடிய உறையைக் கழற்றாமலே விட்டிருப்பதும் உண்டு. இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங்ளர் இருந்தால் அதன் நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் தெரியும். சிவப்புத் திரவம் என்றால் சுமார் 68 டிகிரியில் உடையும். தீக்கு மேலே இருப்பது மட்டும்தான் உடையும், வீடு முழுக்கத் தண்ணீர் கொட்டாது. அதனால் பயந்து மூட வேண்டாம், அதில் ஹேங்கர் மாட்டவும் வேண்டாம்.

வாசல் கதவும் தானாக மூட வேண்டும். இழுத்து மூடும் கை உடைந்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டில் கசிவுமின் துண்டிப்பானுக்கு (ஈஎல்சிபி) ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் கரண்ட் போக வேண்டும்.

கேஸ் விஷயத்தில் முதல் கேள்வி, குழாய் கேஸா சிலிண்டரா என்பது. குழாய் கேஸ் உள்ள கட்டடத்துக்குள் தனியாக சிலிண்டர் கொண்டு வரக் கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்; அது கூரையில் இருந்தால் யாரோ விவரம் தெரியாமல் மாட்டியிருக்கிறார்கள். அடுப்புக் குழாயில் அச்சடித்த காலாவதி வருடத்தையும் பாருங்கள்.

வில்லா எடுக்கிறவர்களுக்கு ஒரு வரி: ஹசன்துக் என்ற உள்துறை அமைச்சக அலாரம் வில்லாக்களுக்குக் கட்டாயம். இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்று ஓனரிடம் உறுதிசெய்யுங்கள்.

4. செக் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது

2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை பராமரிப்பு ஓனரின் பொறுப்பு. "எழுதாத வரை" என்பதில்தான் பிரச்சினையே. "சிறு பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கூடுதல் நிபந்தனையாகச் சேர்த்திருப்பார்கள், 500 அல்லது 1,000 திர்ஹாம் வரை என்று தொகையும் இருக்கும். அதற்குக் கீழேயே "புகை அலாரம், கேஸ் கருவி, வாசல் கதவின் மூடும் கை, மெயின் போர்டு ஆகியவை வேலை செய்யும் நிலையில் ஒப்படைக்கப்படும், தொகை எதுவானாலும் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதி நீங்களே கொண்டு போங்கள், ஏஜென்ட் எழுதட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. பெரும்பாலான ஓனர்கள் மறுப்பதில்லை.

கட்டடத்தின் தீப் பாதுகாப்புக் கருவிகளுக்கு சிவில் டிஃபென்ஸ் அங்கீகரித்த கம்பெனியோடு வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நிர்வாக அலுவலகத்தில் இருக்கும், முதல் பக்கத்தைக் காட்டினால் போதும். தேதியை மட்டும் பாருங்கள்.

சாவி வாங்கும் நாளில் ஒவ்வொரு அலாரத்தையும் கதவையும் மீட்டரையும் போனில் வீடியோ எடுத்து, அன்றைக்கே ஏஜென்டுக்கும் ஓனருக்கும் இமெயிலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் இமெயிலும் அனுப்புங்கள்.

5. காகிதங்களும் செலவும்

எஜாரி என்பது வாடகை ஒப்பந்தத்தின் அரசுப் பதிவு. அதற்குக் கையெழுத்தான ஒப்பந்தம், உங்கள் எமிரேட்ஸ் ஐடி, பாஸ்போர்ட், விசா நகல், ஓனரின் பாஸ்போர்ட் நகல், வீட்டு உரிமைப் பத்திர நகல், டீவா (மின்சார, தண்ணீர் வாரியம்) பிரிமைஸ் நம்பர் ஆகியவை வேண்டும். எஜாரி உங்கள் பெயரில் இல்லையென்றால் டீவா இல்லை, குடும்ப விசா இல்லை, ஓனர் மேல் புகார் கொடுக்கவும் வழியில்லை. தீப் பாதுகாப்புக் குறையை முறையிடுவதற்கு அடிப்படையே இந்தக் காகிதம்தான்.

வருடம் 60,000 திர்ஹாம் வாடகை என்று வைத்துக்கொள்வோம். டெபாசிட் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,000. ஃபர்னிச்சரோடு என்றால் 10 சதவீதம். ஏஜென்ட் கமிஷன் இன்னொரு 5 சதவீதம். எஜாரிக்குச் சுமார் 220. டீவா டெபாசிட் ஃபிளாட்டுக்கு 2,000, வில்லாவுக்கு 4,000, காலி செய்யும்போது திரும்ப வரும். மாதாமாதம் டீவா பில்லில் வருட வாடகையின் 5 சதவீதம் முனிசிபாலிட்டி கட்டணமாகப் பிரித்து வரும், பார்த்துத் திடுக்கிட வேண்டாம். குழாய் கேஸ் இணைப்புக்குத் தனி டெபாசிட் உண்டு.

இவ்வளவு செலவோடு தீக்காக நீங்கள் வாங்க வேண்டியது கொஞ்சம்தான்: சமையலறைக்குத் தீப்போர்வை ஒன்று, சின்னத் தீயணைப்பான் ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரு குடும்பம் ஒரு தடவை ஹோட்டலில் சாப்பிடும் செலவுதான் ஆகும். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். சமையலறை வாசலில் மாட்டுங்கள், தீயைத் தாண்டிக் கை நீட்டாமல் எடுக்க வரும். வீட்டுப் பொருள் காப்பீட்டையும் விசாரியுங்கள். ஓனரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான், உங்கள் டிவிக்கும் நகைக்கும் அதில் இடமில்லை.

6. குடிபோன முதல் வாரம்

கட்டட வாசலில் பத்து இலக்க மக்கானி எண் பலகை இருக்கும். அதையும் ஃபிளாட் எண்ணையும் 997-ஐயும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். 997 சிவில் டிஃபென்ஸ், 998 ஆம்புலன்ஸ், 999 போலீஸ். பதற்றத்தில் "சூப்பர்மார்க்கெட் பின்னால இருக்கிற பில்டிங்" என்று வழி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. மக்கானி எண்ணைச் சொன்னால் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது பிளக். ஊரிலிருந்து கிரைண்டரும் மிக்ஸியும் கொண்டு வராதவர்கள் நம்மில் குறைவு. இங்கே சாக்கெட் சதுரக் கால் மூன்று பின் வகை. மேலே இருக்கும் நீளமான பின் போனால்தான் கீழ்த் துளைகளின் மூடி திறக்கும். அந்த மேல் துளையில் பேனா மூடியையோ குச்சியையோ செருகித் திறந்து இரண்டு பின் பிளக்கை அழுத்தி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பிளக் தளர்வாக நின்று, எர்த்தும் இல்லாமல், சூடேறிச் சாக்கெட்டே கருகும். எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, பியூஸ் உள்ள சதுரக் கால் பிளக்காக மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி 13 ஆம்பியர் என்றால் எல்லாத் துளைகளும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 வாட்தான் தாங்கும். கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே பெட்டியில் ஓடினாலே அதைத் தாண்டிவிடும். ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஓவன் எல்லாம் நேராகச் சுவரில். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியை ராத்திரி முழுக்க, அதுவும் வாசல் கதவுப் பக்கம் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். அது வெடித்து எரிந்தால் வெளியே போகும் வழியே அடைந்துவிடும்.

அப்புறம் நம் வீட்டுப் பழக்கங்கள். வடை சுடும் எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, மூடியாலோ தீப்போர்வையாலோ மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். சாமி விளக்கைத் திரைச்சீலைப் பக்கம் வைக்காதீர்கள், விளக்கை ஏற்றிவிட்டு வெளியே கிளம்பாதீர்கள். கார்த்திகைக்குப் பால்கனியில் வரிசையாக அகல் வைப்பதானால், காற்றடிக்கும் உயர மாடியில் பேட்டரி விளக்கே போதும். சாம்பிராணிக் கரியைக் குப்பைக் குழாயில் போடும் முன் தண்ணீரில் நனையுங்கள்.

7. வெயில் காலத்துக்கும் ஊருக்குப் போவதற்கும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை 45 டிகிரி வெயிலில் ஏசி நிற்காமல் ஓடும். மே மாதத்துக்குள் சர்வீஸ் முடித்துவிடுங்கள். மணல் காற்று அடித்த பிறகு வெளி யூனிட்டில் படியும் தூசி மோட்டாரைச் சூடாக்கும், புகை அலாரத்துக்குள் போகும் தூசியோ காரணமில்லாமல் கத்த வைக்கும். அலாரத்தை வாக்குவம் கிளீனரால் மெதுவாக உறிஞ்சினாலே போதும், கழற்ற வேண்டாம். பால்கனியில் அட்டைப் பெட்டிகளை அடுக்காதீர்கள். மேல் மாடியிலிருந்து விழும் ஒரு சிகரெட் துண்டு போதும். காருக்குள் பவர் பேங்க், லைட்டர், ஸ்பிரே வாசனைப் பாட்டில் விட்டுவிட்டு வருவதும் அப்படித்தான்.

ஊருக்குப் போகும்போது கேஸ் வால்வை மூடி, வாட்டர் ஹீட்டரை அணைத்து, ஃப்ரிட்ஜ் தவிர மற்ற பிளக்குகளைக் கழற்றுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கட்டும்.

8. அலாரம் அடித்தால்

இறங்குங்கள். பத்தில் ஒன்பது தடவை பொய் அலாரமாகத்தான் இருக்கிறது என்று தோன்றும், தோன்றினாலும் இறங்குங்கள். 2025 ஜூனில் மரினாவில் 67 மாடிக் கட்டடம் எரிந்தபோது 3,800-க்கும் மேற்பட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இல்லையென்றால் திறந்து, பின்னால் கதவை மூடிவிட்டுப் படிக்குப் போங்கள்; லிஃப்ட் கூடாது. பேஸ்மென்டுக்குக் காரை எடுக்கப் போகாதீர்கள். வராந்தாவில் புகை மண்டியிருந்தால் உள்ளேயே இருந்து, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகி, ஏசியை அணைத்து, 997-க்கு ஃபிளாட் எண்ணைச் சொல்லி, ஜன்னல் பக்கம் தெரியும்படி நில்லுங்கள். பாஸ்போர்ட்டுகள் ஒரே பையில் வாசல் பக்கம் இருக்கட்டும். ஸ்கேன் நகல்கள் இமெயிலில் இருந்தால் பை போனாலும் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பிக்கும்போது பாதிச் சிரமம் குறையும்.

9. ஓனர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால்

முதலில் இமெயில்: என்ன குறை, எந்தத் தேதியில் சொன்னீர்கள், ஒப்பந்தத்தின் எந்த வரி, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும். வீடியோவை இணையுங்கள். எனக்கு வேலை நடந்தது இந்தப் படியில்தான், அதற்கு முன் பேசிய போன் பேச்செல்லாம் வீண். கட்டடப் பொதுப்பகுதியில் குறை என்றால் நிர்வாகத்துக்கு ஒரு நகல். பார்ட்டிஷன், நெரிசல் பற்றி முனிசிபாலிட்டிக்குச் சொல்ல 800900.

அதற்கும் அசையவில்லை என்றால் வாடகைத் தகராறு மையம். கட்டணம் வருட வாடகையில் 3.5 சதவீதம், குறைந்தது 500, அதிகபட்சம் 20,000 திர்ஹாம். நம் 60,000 கணக்கில் 2,100. ஆங்கிலக் காகிதங்களை அரபியில் மொழிபெயர்க்கும் செலவு தனி. வழக்கு நடக்கும்போது வாடகையை நிறுத்தாதீர்கள், செக் திரும்பினால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். வருடம் முடியும் தறுவாயில் இருந்தால் வழக்கைவிட, புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் நாலாவது பகுதியில் சொன்ன வரியைச் சேர்க்க வைப்பதே சுலபம். நிபந்தனைகளை மாற்ற 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் மூன்றரை மாதம் இருக்கும்போதே அந்த இமெயிலை அனுப்பிவிடுங்கள்.